காட்டு யானையின் லத்தியும் என் இரண்டு பிள்ளைகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பே இல்லை. செய்த இடம்தான் கொஞ்சம் தப்பு. புகுந்த வீட்டில் ஒருவரும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் கடலூர்க்காரி. எங்களுக்கு மலை என்றால் திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் இருக்கிற குன்றுதான். மூச்சு வாங்கலாமா என்று யோசிப்பதற்குள் உச்சி வந்துவிடும். கட்டிக்கொடுத்த சிதம்பரத்தில் அதுவும் கிடையாது. அதனால்தான் போன மே மாதம், ஏழு வயது யாழினிக்கும் நாலு வயது இனியனுக்கும் நீலகிரியில் ஒரு தேசியப் பூங்காவில் காட்டு யானையைக் காட்டப்போகிறேன் என்று அறிவித்தேன். என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஏண்டி தேவி, நண்டும் சிண்டுமா ரெண்டையும் இழுத்துகினு காட்டுக்கா போற? காடு பாக்கணும்னா பிச்சாவரம் இருக்குது. படகுல ஏறிப் பாத்துட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துரலாம்."

"அங்க யானை இருக்குமா அண்ணி?"

"நீ போற எடத்துல இருந்தாலும் ஒன் கண்ணுல படாது. வேணும்னா பாரு."

அவ்வளவுதான். அதற்குமேல் அது சுற்றுலா இல்லை, மானப் பிரச்சினை. யானையைக் காட்டாமல் திரும்பினால் அண்ணியின் வாயில் விழுந்து ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது.

மலை ஏறும்போதே இனியன் அக்காமேல் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்த யாழினி அப்பாமேல் எடுத்தாள். (நான் முன் சீட்டில் இருந்தேன். அறிவாளி.) முதல் நாள் வேனில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். மான் வந்தது, குரங்கு வந்தது, மயில் வந்தது. மயில் எங்கள் ஊர் வயலிலேயே மேய்கிறது. அதற்கு இத்தனை வாந்தி எடுத்திருக்க வேண்டாம்.

மிச்சம் இருந்தது மறுநாள் காலை நடைப்பயணம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று தயங்கிய வழிகாட்டியை நான் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தேன். காக்கிச் சட்டை போட்ட பொறுமையான மனிதர். கிளம்பும்போதே, "பேசக் கூடாது. நான் கையைத் தூக்கினா அப்படியே நிக்கணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நான்தான் பலமாக ஆட்டினேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு திருப்பத்தில் வழிகாட்டி கையைத் தூக்கினார். பாதை நடுவில் யானைச் சாணம். கும்பலாக, ஆவி பறக்க.

இங்கே வாசகர்கள் என் பக்கம் நிற்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் யானை தெருவில் வந்தால், அது எப்போது லத்தி போடும் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்போம். சூடு ஆறுவதற்குள் வெறுங்காலால் மிதித்தால் காலில் வெடிப்பு வராது, முள் தைக்காது. என் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு யானைகூட வரவில்லை. இங்கோ மொத்தக் குவியலும் போட்டிக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறது. அவர் கையைத் தூக்கியதே எங்களுக்கு அதைக் காட்டத்தான் என்று நினைத்தேன்.

"ஷூவ கழட்டுங்க ரெண்டு பேரும். ஆறிடப் போவுது!"

"தேவி, அவரு இன்னும் கைய எறக்கல" என்றார் என் கணவர் மெதுவாக.

"அவரு தூக்கிகினு நிக்கட்டும். நீங்க புள்ளைய எறக்குங்க."

தோளில் இருந்த இனியனை இறக்கினார். இறக்கிவிட்டு போனை எடுத்துப் படமும் பிடித்தார். (இதை யாரும் பேசுவதில்லை.) இரண்டும் கைகோத்துக்கொண்டு குதித்தன. "அம்மா, சூடா இருக்குதும்மா!" என்று யாழினி காடே அதிரக் கத்தினாள்.

வழிகாட்டி திரும்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம்... சூடா இருந்தா, போட்டது எங்க இருக்கும்?"

பக்கத்து மூங்கில் புதர் பதில் சொன்னது. ஒரு கிளை முறிந்தது. அப்புறம் ஒரு பிளிறல். வழிகாட்டி யாழினியைத் தூக்கினார், என் கணவர் இனியனைத் தூக்கினார், நான் புளிசாதத் தூக்கைத் தூக்கினேன். எங்களை இறக்கிவிட்ட ஜீப் வரைக்கும் ஒரே ஓட்டம். பிள்ளைகளின் ஷூ நாலும் காட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்திருந்தால் யானையைப் பார்த்திருப்பேன். யார் திரும்பினார்கள்?

ஜீப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. லத்தி அப்பிய நாலு கால்களையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வழிகாட்டி வழி முழுக்கத் திட்டினார். என் வாழ்க்கையில் பதில் பேசாமல் வாங்கிக்கொண்ட திட்டு அது ஒன்றுதான்.

சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் அண்ணிக்குப் பதில் தயார் செய்துகொண்டே வந்தேன். எதுவும் பயன்படவில்லை. அண்ணி கேட்டைத் திறந்ததும் இனியனைத்தான் கேட்டார்.

"என்னடா கண்ணு, யானைய பாத்தியா?"

"பாக்கல அத்தை. மிதிச்சோம்."

விவரம் முழுவதும் கேட்டு அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். புளிசாதச் செய்தி வரை என் கணவர் ஒன்று விடாமல் சொன்னார். ஒரே வாரத்தில் பரங்கிப்பேட்டை வரைக்கும் எல்லாச் சொந்தத்துக்கும் கதை போய்விட்டது. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு மாமா என் காலைப் பார்த்துவிட்டு, "வெடிப்பு ஒண்ணும் இல்லையே" என்றார். "ஒங்க கால காட்டுங்க பாப்போம்" என்று கேட்டேன். காட்டவில்லை. என் பிள்ளைகளின் பாதம் பூவாட்டம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடுத்து ஆனித் திருமஞ்சனம் வந்தது. கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும், வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் அண்ணி தரிசனத்துக்குப் போனார். மத்தியானம் தலை கலைந்து, புடவைக் கொசுவம் அவிழ்ந்து, நொண்டிக்கொண்டே வந்து நாற்காலியில் விழுந்தார்.

"சாமிய நல்லா பாத்தீங்களா அண்ணி?"

"எங்கடி பாத்தேன்? மிதிச்சிட்டானுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"தேவி, சிரிக்காதடி."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எங்கே போய் எதைப் பார்க்காமல் திரும்பினாலும் இனியன் சொன்ன அந்தப் பதில்தான். அதை முதலில் சொல்வது இப்போதெல்லாம் அண்ணிதான். அன்றைக்கு நான் சிரித்தேனா என்றா கேட்கிறீர்கள்? கீழவீதி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.