பதினைந்தைத் தாண்டாத முள்

"கொஞ்சம் அழுத்துங்கப்பா! பத்து மணிக்கு போட் போயிடும்!"

"வேகமுள் பதினஞ்சைத் தொட்டாச்சு. போதும், அவ்வளவுதான்," என்றார் காரோட்டிய ஜம்புலிங்கம்.

சந்திரமதி பல்லைக் கடித்தாள். லாங் ஐலண்ட் தீவுப் பள்ளியில் டீச்சராக இன்றைக்குள் சேராவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. குடும்பத்திலேயே முதல் பி.ஏ., ஒரு முள்ளுக்குத் தோற்பதா? மடியில் கோழிக்குழம்புத் தூக்கு வேறு சுட்டது. நேற்று அப்பா எங்கிருந்தோ ஒரு கோழியோடு வந்து, வழிச்சாப்பாட்டுக்கு என்று அம்மாவிடம் கொடுத்திருந்தார்.

சௌல்தாரி ஊரைத் தாண்டியதும் ஒரு சேவல் குறுக்கே வந்தது. ஜம்புலிங்கம் காரை நிறுத்தியேவிட்டார்.

"என் வண்டியில ஒரு கோழி அடிபட்டதில்ல, தெரியுமா?"

"நான் விரட்டுறேன்," என்று இறங்கியவளுக்கு யோசனை பளிச்சிட்டது. அந்தப் பழைய ஜெர்மன் காரில் வேகமுள்ளை ஆட்டும் கம்பி முன்பக்க இடது சக்கரத்திலிருந்துதான் போகிறது. முள் செத்தால் அப்பா எதைப் பார்த்துப் பயப்படுவார்? சக்கரமூடியின் நடுவிலிருந்த குட்டிப் பின்னைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கம்பியை உருவினாள்.

கார் கிளம்பியது. பத்தடியில் நின்றது.

"முள் பூஜ்யத்துல நிக்குது."

"வண்டி ஓடுதில்ல?"

"என்ன வேகம்னு தெரியாம எப்படிம்மா ஓட்டுறது?"

இறங்கினார். கம்பியைச் செருகினார். பின்னைத் தேடிச் சேற்றைத் துழாவோ துழாவென்று துழாவினார். பொறுக்க முடியாமல் சந்திரமதி தன் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். கொண்டை அவிழ்ந்ததுதான் மிச்சம்.

லொடலொடத்த ஹேர்பின்னால் முள் பூஜ்யத்துக்கும் அறுபதுக்கும் குதியாட்டம் போட்டது. அறுபதைக் கண்டபோதெல்லாம் ஜம்புலிங்கம் பிரேக்கை மிதித்தார். ஒரு மாட்டுவண்டி அவர்களை முந்தியது.

"பாபு, தள்ளி விடவா?" என்று வண்டிக்காரர் இந்தியில் கேட்டார்.

போட் நிற்கும் ஜெட்டிக்கு வந்தபோது மணி பதினொன்று.

"போச்சு! எல்லாம் உங்க முள்ளால! படிக்க வச்சதே வீட்டுல உட்கார வைக்கத்தானா?" என்று தலைவிரிகோலமாக இறங்கியவள் கடற்பக்கம் திரும்பினாள். போட் கட்டியபடியே கிடந்தது.

"இன்னும் கிளம்பலையா?"

"அரே, எப்படிக் கிளம்புறது?" என்றார் போட் ஓட்டும் சாரங் சின்னப்பன். ஜம்புலிங்கம் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். சின்னப்பன் கவனித்தால்தானே!

"நேத்து உங்கப்பா இங்க பறந்து வந்து, 'எம்பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தா எனக்குக் கால் அழுத்த வராது, அவ வர்ற வரைக்கும் கயித்த அவுக்காதே'ன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. அவர் வந்த வேகத்துல அடிபட்ட என் கோழிதானே உங்க தூக்குல மணக்குது!"