நாலு வயதுக்குள் இலவசம்

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போய், அங்கே உல்லாசத்துக்கு ஆகும் செலவைத் தடுத்து நிறுத்துவதையே தம் உல்லாசமாகக் கொண்ட ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. இவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். கஞ்சன் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பான். இவர்கள் கிளம்புவார்கள். மனைவி, மக்கள், ஐஸ் பெட்டி, அரிசிப் பானை, மடக்கு நாற்காலி, இஸ்திரிப் பெட்டி, நாலு நாளைக்கு வேண்டிய குடிதண்ணீர் எல்லாவற்றோடும் எல்லை தாண்டிப் போவார்கள். எல்லாரும் வாங்குகிற விலைக்கு ஒரு பொருளை வாங்க நேர்ந்தால் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஓமானில் உள்ள நிஸ்வா நகரில் இந்த இனத்துக்கு ஓர் ஆளைக் காட்டுங்கள் என்றால் யோசிக்காமல் ஹமூத் பின் ஸைஃபைக் காட்டுவார்கள். நகராட்சியின் வாகனப் பிரிவில் மேற்பார்வையாளர், நல்ல மனிதர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஆடு அறுப்பார், ஹல்வாவைத் தட்டோடு தள்ளி வைப்பார், போதும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அப்படிப்பட்ட கை, நுழைவுச்சீட்டு என்று ஒன்றைக் கண்டதும் ஏன் மடங்கிக்கொள்கிறது? அவரையே கேட்டால், வீட்டில் கொடுப்பது கொடை, கவுண்டரில் கொடுப்பது ஏமாளித்தனம் என்பார். அதையும் தொழில் ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அரைப் பரீட்சை விடுமுறையில் துபாய்க்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது என்று முடிவானதற்குக் காரணம் அவருடைய மகள் லுஜைன். பாலர் பள்ளியில் அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி அங்கே போய்ப் பறக்கும் ஒட்டகத்தில் ஏறிவிட்டு வந்திருந்தாள். சிறகு வைத்த ஒட்டகங்கள் ஆகாயத்தில் வட்டமடிக்கும் ராட்டினம் அது. அன்றிலிருந்து லுஜைன் தலையணை மேல் ஏறிப் பறந்தாள், சோற்றில் திமில் பிடித்தாள், தகப்பனைப் பார்க்கும்போதெல்லாம் 'எப்ப?' என்றாள். ஒரு வருடம் தாக்குப்பிடித்த ஹமூத், அதற்கு மேல் முடியாமல் ஆராய்ச்சியில் இறங்கினார். எந்த வங்கி அட்டைக்குத் தள்ளுபடி, வாரத்தில் எந்த நாள் சீட்டு மலிவு, எந்த மாவுப் பொட்டலத்தின் முதுகில் கூப்பன் அச்சடித்திருக்கிறார்கள் என்று துருவித் துருவித் தேடி, அந்த மாவில் பதினாறு பொட்டலம் வாங்கி, கூப்பன் போன வருடத்தோடு காலாவதியாகிவிட்டதைப் பதினாறு முறையும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார். அந்த மாவு இன்னும் அவர் வீட்டில் தீரவில்லை.

அப்போதுதான் அந்த வரி அவர் கண்ணில் பட்டது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இலவசம். தமக்கென்றே யாரோ எழுதி வைத்ததுபோல் அதை மூன்று முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, தரையில் உட்கார்ந்து செருப்பு வாரோடு போராடிக்கொண்டிருந்த லுஜைனைப் பார்த்தார். அவளுக்கு வயது ஐந்தரை. ஆனால் குச்சி உடம்பு. 'ஆள் சின்னவதான்' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வண்டி இப்ரி ஊரைத் தாண்டியதும் பயிற்சி தொடங்கியது. உனக்கு என்ன வயது என்று கேட்பார். லுஜைன் ஐந்தரை என்பாள். அங்கே போனால் என்ன வயது என்பார், மூன்று என்பாள். ஒரு சிக்கல் இருந்தது. போன வாரம்தான் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. மூன்று வயதில் யாருக்குப் பல் விழும்? ஆகவே மூன்று என்று சொல்லும்போது உதட்டைத் திறக்காமல் சொல்ல வேண்டும் என்று கூடுதல் பாடம் நடந்தது. சொல்லிப் பாருங்கள், அது அவ்வளவு சுலபமில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி ஷம்ஸா, பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மூத்தவன் முஹன்னத்தின் பெயரை வைத்து, அவன் அப்பா, அவன் அம்மா என்றுதான் இருவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வார்கள். வெகுநேரம் பாலைவனத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் வாயைத் திறந்தாள்.

"பதினாலு வருஷமா கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன், அபூ முஹன்னத். அஞ்சரையில ரெண்டரை போனா மிச்சம் ஒரு டிக்கெட்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"வயசுங்கிறது பார்க்கிறவங்க கண்ணுல இருக்கு, உம்மு முஹன்னத்."

"அப்ப உங்களுக்கு அறுபத்தஞ்சு. முதியவர் சீட்டு இருக்கான்னு கேளுங்க."

ஹமூத் அதையும் ஒரு கணம் யோசித்தார் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லை ஊரான புரைமியில், மலிவு விலைக்குப் பெட்ரோல் கிடைக்கும் கடைசி பங்கில் தொட்டி விளிம்பு வரை நிரப்பினார். துபாயில் ஹோட்டல் விலை அநியாயம் என்று அதையும் தாண்டி அஜ்மான் நகரில் ஒரு பிளாட் பிடித்திருந்தார். அங்கிருந்து பூங்காவுக்கு எண்பது கிலோமீட்டர். சாலையில் சுங்க வளைவுகள் வரும் என்று அவற்றைச் சுற்றிக்கொண்டு போனதில் அது நூற்றுப் பத்து கிலோமீட்டராயிற்று. மிச்சம் பிடித்த சுங்கத்துக்கு எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஹமூதிடம் கேட்காதீர்கள். பெட்ரோல் ஓமானில் போட்டது. அதைச் செலவு என்றே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வாசலில் வெளியுணவுக்கு அனுமதி இல்லை, கைக்குழந்தைகளின் உணவுக்கு மட்டும் உண்டு. இதையும் ஹமூத் முன்கூட்டியே படித்திருந்தார். காவலாளி ஐஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு சட்டி நிறைய கோழியும் சோறும், பாலாடைக்கட்டியும் தேனும் தடவிச் சுருட்டிய ருகால் ரொட்டிகள் முப்பது, பேரீச்சம்பழம், அவித்த முட்டை. இதெல்லாம் யாருக்கு என்றான் காவலாளி. ஹமூத் லுஜைனின் தலைமேல் கைவைத்து, குழந்தைக்கு என்றார். இந்தக் குழந்தை இவ்வளவும் சாப்பிடுமா என்றதற்கு, நன்றாகச் சாப்பிடும், உடம்பில்தான் ஒட்டவில்லை என்றார். காவலாளி லுஜைனிடம் குனிந்து வயதைக் கேட்டான். அவள் உதட்டைத் திறக்காமல் சொன்னாள். அது 'மூணு' என்றும் கேட்டது, மாடு கத்தியது போலவும் கேட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவன் அவளுடைய மணிக்கட்டில் மஞ்சள் நிறக் காகித வளையம் ஒன்றை மாட்டி உள்ளே விட்டான்.

அந்த நிமிடம் ஹமூதின் நடையைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டையைப் பிடித்தவர் அப்படி நடப்பார். உள்ளே ஒரு குவளைக் குளிர்பானத்தின் விலையைப் பார்த்து மனதுக்குள் ரியாலுக்கு மாற்றி, 'இதுவே நம்ம ஊர்ல' என்று ஆரம்பித்தார். ஐஸ்கிரீமைப் பார்த்தும், தொப்பியைப் பார்த்தும், பலூனைப் பார்த்தும் அதே வாக்கியத்தை ஆரம்பித்தார், எதையும் முடிக்கவில்லை. ராட்டினத்தில் எடுத்த படத்தைக் காசு கொடுத்து வாங்காமல், திரையில் தெரிந்த படத்தைத் தம் கைபேசியில் படம் பிடித்தார். கடைப் பெண் கையை நீட்டி மறைத்ததில், குடும்பப் படத்தின் நடுவில் இன்றும் ஓர் உள்ளங்கை இருக்கிறது. பதினொரு வயது முஹன்னத் இருபதடி முன்னால் நடந்துகொண்டிருந்தான், அப்பா அம்மா இல்லாமல் தனியாக வந்த பிள்ளையைப் போல.

பறக்கும் ஒட்டகத்துக்கு ஒன்றேகால் மணி நேர வரிசை. அவ்வளவு நேரமும் லுஜைன் ஒரு முறைகூடத் தரையில் உட்காரவில்லை. எந்த ஒட்டகம் தனக்கு என்று வந்தவுடனேயே தீர்மானித்துவிட்டாள். நீலச் சேணம் போட்டது. அது ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் யார் ஏறுகிறார்கள் என்று கவலையோடு பார்த்தாள். கடைசியில் அவர்கள் முறை வந்தது. வாயிலில் நின்ற துனீசியாக்காரப் பெண், மார்பில் ஸிஹாம் என்று பெயர் குத்தியிருந்தவள், லுஜைனை உயரக் கோலில் நிறுத்தினாள். உயரம் தாராளமாக இருந்தது. பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள்.

இது நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான வளையம், இதில் ஐந்து வயது ஆனவர்கள்தான் ஏறலாம் என்றாள். உயரம் சரியாக இருக்கிறதே என்றார் ஹமூத். உயரம் மட்டும் போதாது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அவள் மண்டியிட்டு லுஜைனைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு எத்தனை வயசு, கண்ணு?"

லுஜைன் தகப்பனைப் பார்த்தாள். நீலச் சேணம் போட்ட ஒட்டகம் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. ஐந்தரை என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் நல்ல பெண். சொல்லிக் கொடுத்ததை மறக்காதவள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"மூணு."

பொத்துவதற்குள் ஸிஹாம் பல் விழுந்த ஓட்டையைப் பார்த்துவிட்டாள். மூன்று வயதிலேயே பல் விழுந்துவிட்டதா என்று விளையாட்டாகக் கேட்டாள். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். லுஜைன் அழுதிருந்தால் ஹமூத் சமாளித்திருப்பார். அழுகைக்கு அவரிடம் பேரீச்சம்பழம் இருந்தது. அவள் அழவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். சிறிது தூரம் போனதும் நின்று திரும்பிக் கேட்டாள்.

"வாப்பா, அடுத்த வருஷம் எனக்கு நாலா, ஆறா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது. ஹமூத் ஷம்ஸாவைப் பார்த்தார். கணக்கு ஆசிரியை அந்தக் கணக்கை அவருக்கே விட்டுவிட்டாள்.

அவர் தனியாகச் சீட்டுக் கவுண்டருக்குப் போனார். ஒரு குழந்தைச் சீட்டு வேண்டும் என்றார். உள்ளே இருந்த இளைஞன் உதவும் மனம் படைத்தவன். மணியைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு மேல் மாலைச் சீட்டு, சரிபாதி விலை, இன்னும் ஐம்பது நிமிடம்தான், பொறுத்திருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றான்.

வாசகரே, இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? கேட்காமலே, கூப்பன் இல்லாமலே, மாவு வாங்காமலே, சரிபாதி. ஹமூதின் வாழ்க்கை முழுவதும் இந்த ஐம்பது நிமிடத்தை நோக்கியே வந்துகொண்டிருந்தது போலிருந்தது. ஐம்பது நிமிடம் என்ன பெரிய விஷயம்? ஒரு ரொட்டி தின்று, ஒரு கஹ்வா காப்பி குடித்தால் போயிற்று. அவர் ஏறக்குறையத் தலையை ஆட்டிவிட்டார். அப்போது திரும்பிப் பார்த்தார். லுஜைன் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பல் விழுந்த இடத்தில் நாக்கை நுழைத்துக்கொண்டு விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள். மூன்று விரல், ஐந்து விரல், மறுபடியும் மூன்று. காலையிலிருந்து இருபதடி தள்ளியே நடந்த முஹன்னத் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் தங்கையைப் பார்க்கவில்லை. தகப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பவே கொடு" என்றார் ஹமூத்.

"முழு விலை ஆகுமே?"

"ஆகட்டும்."

இளைஞன் வயதைக் கேட்டான். ஹமூத் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அஞ்சரை."

பணத்தை எண்ணி வைக்கும்போது அவர் முகம் போன போக்கை விவரிக்க வேண்டாம், குடும்பஸ்தர்கள் படிக்கிறார்கள். திரும்பி வந்தவருக்கு ஷம்ஸா பிளாஸ்கைத் திறந்து ஒரு சின்னக் கிண்ணம் கஹ்வா ஊற்றிக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் கிடைத்த பாராட்டுகளில் அது பெரியது.

மறுபடியும் வரிசை. இந்த முறை நீல வளையம். ஸிஹாம் அதைப் பார்த்துவிட்டுக் கதவை அகலமாகத் திறந்தாள். ஒட்டகத்தில் சிறு பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும் என்பதால் ஹமூதும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கணுக்கால் வரை தொங்கும் திஷ்தாஷா அங்கியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஆகாயத்துக்குப் போனார். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. லுஜைன் திறந்த வாயை மூடவே இல்லை. பக்கத்து ஒட்டகத்தில் வந்த யாரோ ஓர் ஆளிடம் தனக்கு ஐந்தரை வயது என்றாள். இறங்கியதும் ஸிஹாமிடம் சொன்னாள். தரை பெருக்கிக்கொண்டிருந்தவரை நிறுத்திச் சொன்னாள்.

ஹமூத் அன்றோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முழு விலை கொடுத்த சீட்டை வீணாக்கலாமா? கூட்டம் மெல்லக் குறையக் குறைய, பூங்கா மூடும் வரை மகளை அதே ஒட்டகத்தில் ஏழு முறை ஏற்றினார்; கூடவே தாமும் ஏறினார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறி, ஆனால் ஒருவிதத் திருப்தியோடு, ஒரு சுற்றுக்கு விழும் விலையை ஷம்ஸாவிடம் அறிவித்தார். ஏழாவது சுற்றில் அது நிஸ்வா பூங்கா ஊஞ்சலைவிட மலிவாகிவிட்டது. அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. திரும்பும்போது முஹன்னத் அவர் கையைப் பிடித்து வண்டி வரை கூட்டிவந்தான்.

ஊருக்கு வந்த மறுநாளே விருந்தினர் கூடமான மஜ்லிஸில் நண்பர்களைக் கூட்டி, ஆடு அறுத்து, சாப்பாட்டுக்குப் பின் பயணத்தின் வெற்றிகளை வரிசையாகச் சொன்னார். காவலாளியைச் சொன்னார், சுங்கத்தைச் சுற்றியதைச் சொன்னார். கவுண்டரை மட்டும் சொல்லவில்லை. அந்த விருந்துக்கு ஆன செலவில் குடும்பத்தோடு இன்னொரு நாள் பூங்காவில் இருந்திருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாரும் கிளம்பியதும் உள்ளே வந்து, அடுத்த வருடம் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு சீட்டு இலவசமாம் என்று ஷம்ஸாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நமக்கு ஓர் ஆள்தான் குறைகிறது என்றார்.

"பிரசவத்துக்கு என்ன தள்ளுபடின்னு விசாரிச்சுட்டு வாங்க" என்றாள் ஷம்ஸா.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது தெரியும். ஹோட்டல் குளியலறையில் சோப்பு தானாகவே உங்கள் பைக்குள் விழுந்திருக்கும். விமானத்தில் கொடுத்த சின்ன உப்புப் பொட்டலங்கள் உங்கள் சமையலறைக்கு எப்படி வந்தன என்பது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அதெல்லாம் போகட்டும். இந்தப் பக்கத்தைக் கடையில் நின்றபடியே கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மெதுவாக அடுக்கில் திரும்ப வைக்கப் போகிறீர்கள் அல்லவா? வையுங்கள். கடைக்காரர் வெகுநேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.