எங்க வீட்டுக்காரர் திறந்த நாலாவது அறை

கம்ப்யூட்டருக்குள்ளே பூட்டிவைத்த அறை ஒன்று இருக்கலாம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் சஃப்ரீன். போன ஆடி மாசம், இரண்டாம் வெள்ளிக்கிழமை. அம்மனுக்குக் கூழ் காய்ச்சி இறக்கிய கையோடு கேட்டேன். அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சஃப்ரீன் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பூர்வீகம் மேலப்பாளையம். தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவாள். ஆனாலும் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

கம்ப்யூட்டர் வந்தது என் மகள் கலைச்செல்விக்காக. மருமகன் கப்பலில் வேலை. இவள் கைக்குழந்தையோடு எங்களிடம் இருக்கிறாள். வாஷியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை தருவதாகச் சொன்னது. முதல் மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் வேறு ஆள். கம்ப்யூட்டர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு ரயிலேற முடியாதவளுக்கு அம்மனே வாசலில் கொண்டுவந்து வைத்த வேலை என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சுயம்பு. முறுக்கு சுட்டுக் கடைகளுக்கு மொத்தமாகப் போடுகிறவர். செம்பூரில் ஓர் ஆபீஸ் காலியானபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பேரம் பேசிப் பிடித்தார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தார் பாருங்கள், சாமி சப்பரம் தோற்றது. பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

தூசி தட்ட சஃப்ரீன் வந்தாள். பெட்டியைத் திறந்து, விசிறியைக் கழற்றி, தகட்டு மூடி போட்ட சதுரம் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இதுதான் இதோட மூளை, ஆன்ட்டி. மூடிக்குள்ள இருக்கற அசல் சில்லு உங்க கட்டைவிரல் நகம் அளவுதான். அதுக்குள்ள கோடிக்கணக்குல சுவிட்ச்."

"எதுல செய்தது?"

"மணல்ல. மணலை உருக்கி, சுத்தம் பண்ணி, அப்பளம் மாதிரி வட்டத் தகடா சீவுவாங்க. அதுல சதுரம் சதுரமா வேலைப்பாடு செஞ்சு வெட்டி எடுப்பாங்க."

ஜுஹு கடற்கரையில் நான் காலில் மிதித்துவிட்டு வந்த மணலா கணக்குப் போடுகிறது! கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இதுல வேலை செய்யற ரூம் நாலு கட்டியிருக்கான் கம்பெனிக்காரன்," என்றாள். "சுட்டு எடுத்துப் பாக்கும்போது சிலதுல ஒரு ரூம் கெட்டுப்போயிருக்கும். அதுக்காக முழுசையும் வீசுவானா? அந்த ஒரு ரூமை மட்டும் பூட்டிட்டு, மூணு ரூம் மூளைன்னு பேர் போட்டு சஸ்தாவுல, மலிவா வித்துருவான். இது அந்த மாதிரிதான்."

எனக்கு மனசு என்னவோ செய்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, முகம் தெரியாத அந்த எஞ்சினியர்கள். குறையோடு பிறந்ததைக் குப்பையில் போடாமல், மிச்சம் இருக்கிற மூன்றை வைத்துப் பிழைத்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறார்களே! அவர்களுக்காகவும் ஒரு விளக்குப் போட வேண்டும் என்று நினைத்தேன்.

சஃப்ரீன் கதை சொல்கிற உற்சாகத்தில் இருந்தாள். "மலிவு மூளைக்கே பெரிய சரித்திரம் இருக்கு ஆன்ட்டி. மொதல்ல மலிவா ஒண்ணு விட்டப்போ, பக்கத்துலயே வெச்சு எடுக்கற சின்ன ஞாபக அறையை அடியோட எடுத்துட்டான். ஒவ்வொண்ணுக்கும் தூரத்துக்கு ஓடணும்."

"உப்பு டப்பா அடுப்புப் பக்கத்துல இல்லாம பரண்ல இருக்கிற மாதிரியா?"

"ஏக்தம் அதேதான்! ஜனங்க சிரிச்சுட்டாங்க. அப்புறம் ஒரு சின்ன டப்பாவை அடுப்புப் பக்கமே வெச்சுக் குடுத்தான். அது அப்படி ஓடிச்சு! வேகத்தைக் கூட்டி விட்டா விலை ஒசந்ததையே துரத்திப் பிடிச்சுது. இன்னொரு கம்பெனி சில்லுல, பூட்டு வெளியிலேயே தெரியும். பென்சிலால ஒரு கோடு இழுத்தாப் போதும், தொறந்துக்கும்."

அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, ஒரு பென்சில் கொண்டா!"

"அது அந்தக் காலம் அங்கிள். இதுக்குப் பென்சில் வேண்டாம். உள்ள செட்டிங்லயே வழி இருக்கு. ஆனா கெட்ட ரூமைத் தொறந்து என்ன பிரயோஜனம்?"

"எல்லாமே கெட்டதுதானா?"

சஃப்ரீன் உண்மையைச் சொல்லிவிட்டாள். "எல்லாம்னு சொல்ல முடியாது. மூணு ரூம் கேக்கறவங்க கூடிப்போயி, கெட்டது பத்தலைன்னா, நல்லதையும் பூட்டி விக்கறது உண்டு."

அவர் முகம் பிரகாசமானது. ஏன் என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் தொழிலில் உடைசல் முறுக்கு என்று ஒன்று உண்டு. சுடும்போதும் அடுக்கும்போதும் உடைந்ததைப் பை போட்டு, டீக்கடைகளுக்கு விலை குறைத்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டீக்கடைக்காரர்கள் உடைசல் உடைசல் என்று பறப்பார்கள். அவ்வளவு உடையாதே! அப்போது இவர் என்ன செய்வார்? கதவைச் சாத்திக்கொண்டு நல்ல முறுக்கை உள்ளங்கையால் அமுக்குவார்.

"எனக்கா கதை சொல்லுதான்!" என்று எழுந்தார். "ஒடசல் வியாபாரத்துல நான் பாக்காததா? இதும் நல்ல முறுக்குதான். எவனோ கதவைச் சாத்திக்கிட்டு அமுக்கியிருக்கான். திற அந்த ரூமை!"

"அங்கிள், நிஜமாவே ஒடஞ்சதா இருந்தா?"

"திறம்மா! சுயம்பு கண்ணுக்குத் தப்பாது."

திறந்தாள். திரையில் நாலு கட்டம் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு நாடித் துடிப்பு மாதிரி ஏறி இறங்கியது. பூட்டியிருந்த அறைக்குள் உயிர் இருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் அன்று கோமதிநாயகம் அண்ணாச்சி முதல் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, சந்து முழுக்க முறுக்கு கொடுத்தார், அதுவும் முழு முறுக்கு. அந்தக் கட்டங்களைத் தானே பார்க்க ஒரு பட்டனை மகளிடம் கேட்டு வாங்கித் திரையில் வைத்துக்கொண்டார். காலையில் சூடம் காட்டுவார், கட்டத்தை எண்ணுவார், பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார்.

மறுநாளே கலைச்செல்வி பாதிக் கணக்கில் இருக்கும்போது திரை நீலமாகி நின்றது. எழுதியது போச்சு. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"கரண்டு சரியில்ல," என்றார்.

"ஃபேன் நல்லாத்தான ஓடுது, யப்பா?"

"ஓடுதுல்லா? அதான் கரண்டை இழுக்கு. ஃபேனை நிறுத்து."

பம்பாய்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தினோம். எங்களுக்கு வேர்த்தது. கம்ப்யூட்டர் நின்றது.

"நீ எழுத்துப் பட்டனை ஓங்கி ஓங்கிக் குத்துத."

"தடவிக்கிட்டா இருக்க முடியும்?"

"அப்ப கண்ணு பட்டிருக்கு. கோமதிநாயகம் பார்வையே சரியில்ல." எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து வந்து பெட்டியில் தொங்கவிட்டார். கம்ப்யூட்டர் மிளகாயோடு நின்றது.

சஃப்ரீன் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அந்த நாலாவது ரூம்தான் லோச்சா, அதுலதான் கோளாறு. இது நிஜ ஒடசல், அங்கிள். பூட்டிருவோம்."

"பூட்டினா இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்! நாலு நாலுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. மூணுன்னா கோமதிநாயகம் சிரிக்க மாட்டானா?"

சர்க்கரை வியாதிக்காரர். சொன்னால் செய்தும் தொலைப்பார். எனக்கு அந்தப் பயம்.

அன்று சாயங்காலம் வாஷியிலிருந்து போன் வந்தது. நாளை மாலைக்குள் ஒரு கம்பெனிக் கணக்கு முழுசாக முடிந்து வர வேண்டும், இதுவும் தவறினால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கலைச்செல்வி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "யம்மா, இந்த வேலை போனா எனக்கு வேற எவன் வீட்டுல உக்காத்தி வேலை தருவான்?"

நான் போய் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். 'தாயே, பிள்ளைக்கு வேலை போகக் கூடாது. இந்த மனுசன் சோறு தின்னாமல் இருக்கவும் கூடாது. இரண்டையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று கேட்டேன். கேட்டுவிட்டு அம்மன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் கோயிலில் இருக்கிறாள். நான் தினமும் கும்பிடுவது சட்டம் போட்ட படத்தை. ஒரு நாளாவது எனக்கு மனசு நிறையாமல் போயிருக்கிறதா?

மறுநாள் அவர் கட்டத்தை எண்ணிவிட்டுக் கிளம்பியதும் சஃப்ரீனைக் கூப்பிட்டேன்.

"பூட்டறது ஒரு நிமிஷ வேலை ஆன்ட்டி. நாளைக்குக் காலையில அங்கிள் எண்ணுவாரே? மூணு கட்டம்தான் வரும்."

"பூட்டுறதுக்கு முந்தி, நாலு கட்டமும் தெரியுறாப்ல ஒரு போட்டோ புடிக்க முடியுமா தாயி?"

"முடியும். எதுக்கு?"

"அவுக அமுக்குற பட்டனை அமுக்கினா அந்தப் போட்டோ வரணும்."

சஃப்ரீன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா! ஆன்ட்டி, நீங்க எட்டாவதோட படிப்பை ஏன் நிறுத்தினீங்க?"

படம் பிடித்து, பட்டனை மாற்றி, அறையைப் பூட்டி முடிக்கவும் வாசலில் செருப்புச் சத்தம். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டாராம்.

"என்ன நடக்கு இங்க?"

"சஃப்ரீன் தூசி தட்டுதா," என்றேன்.

"பூட்டிக்கீட்டிப் புட்டீங்களோ?" நேராகப் போய்ப் பட்டனை அமுக்கினார். விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ம்." கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று கலைச்செல்வி மாலைவரை எழுதினாள். மூன்று அறைகளும் ஒரு முனகல் இல்லாமல் உழைத்தன. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கணக்கு வாஷிக்குப் போய்ச் சேர்ந்தது. மாதம் முடிந்தது. வேலை நிரந்தரம்.

அவருக்கு வந்த பெருமையைக் கேட்கவே வேண்டாம். எல்லாம் எலுமிச்சம்பழம் செய்த வேலை என்றார். போன ஞாயிற்றுக்கிழமை கோமதிநாயகம் அண்ணாச்சியை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார்த்தி, பட்டனை அமுக்கினார்.

அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார். "என்ன வே, கட்டம் நாலு இருக்கு, கோடு ஒண்ணும் அசையக் காணமே? முன்ன ஏறி இறங்கிக்கிட்டு கிடந்துதே?"

நான் காப்பி டம்ளரை அண்ணாச்சி கையில் திணித்தேன். கலைச்செல்வி குழந்தையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "வே, முன்ன அதுக்குப் பழக்கம் இல்ல, கெடந்து துள்ளிச்சு. இப்ப வேலை படிஞ்சு போச்சு. நாலும் எம்புட்டு நிதானமா நிக்கி பாத்தீரா? துளி அலட்டல் உண்டா?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். அசையாத அந்தக் கோடுகளை அவரும் பயபக்தியோடு பார்த்தார். அம்மனிடம் நான் படம் வைத்த அன்றே சொல்லி மன்னிப்புக் கேட்டாயிற்று.

நீங்கள் தாராவிப் பக்கம் வந்தால் அவர் உங்களையும் உட்கார்த்தி அந்தப் பட்டனை அமுக்குவார். தயவுசெய்து நாலு வரை எண்ணிவிட்டு, கொடுக்கிற முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.