நான் கட்டிய டெக்கும் என் தங்கையின் நிச்சயமும்

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவது என் பிறவிக் குணம். டாக்டர் சொன்னாலும் ஆட்டுவேன், மெக்கானிக் சொன்னாலும் ஆட்டுவேன். ஒருமுறை தொலைபேசியில் பேசியவருக்கே தலையாட்டியிருக்கிறேன் (அவர் இரண்டு நிமிடம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார், பாவம்). இதனால் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை. என் தங்கையின் நிச்சயதார்த்தம் வரைக்கும்.

கிள்ளானில் எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. மழை பெய்தால் சேறு, மழை விட்டால் கொசு. "அங்க சிமெண்ட் போட்டு விடுங்களேன்" என்று என் மனைவி பிரேமிளா நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தங்கை யோகேஸ்வரிக்கு டெங்கிலில் இருந்து வரன் கூடி வந்தது. அப்பா இல்லாததால் பெண் வீட்டுக்கு நான்தான் பெரியவன். நிச்சயத்துக்கு முப்பது பேர் வருவார்கள். முன்வாசலில் கூடாரமும் சாப்பாட்டு மேசைகளும் போட்டுவிட்டால், பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வர முடியும். சம்பந்தி வீட்டாரைச் சேற்றில் நடக்க விடலாமா?

சிமெண்ட் போட்டிருந்தால் இரண்டே நாளில் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் நான் கைப்பேசியில் டெக் கட்டும் வீடியோக்களைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பன்னிரண்டு நிமிடத்தில் பலகை மேடை கட்டி முடிக்கிறார். அவருடைய நாய் அதில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடுகிறது. அந்த நாயின் முகத்தில் இருந்த நிம்மதி என்னை ஏதோ செய்துவிட்டது. போதாக்குறைக்கு, துறைமுகத்தில் கப்பலுக்குள் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுவதுதான் என் உத்தியோகம். கப்பலையே அடுக்குகிறவனுக்கு இருபது பலகை அடுக்கத் தெரியாதா?

பலகைக் கடையில் இருந்த பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். பொறுமையாக விளக்கினாள்.

"அண்ணே, கம்போசிட்னா மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கறையான் அரிக்காது, உளுத்துப் போகாது. ஆனா வெயில்ல நீளும். அடியில வெக்கிற கம்பிச் சட்டம் முந்நூத்தம்பது சென்டர் டு சென்டர். பலகைக்கு ரெண்டு முனையிலயும் கேப் கண்டிப்பா வேணும். வெயில் படுற இடம்னா வெளிர் கலர் எடுங்க."

தலையாட்டினேன். எந்த சென்டரில் இருந்து எந்த சென்டருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையோடு இருந்த காகிதத்தில் எல்லாவற்றையும் தமிழில் அழகாக எழுதிக்கொண்டேன். பிறகு, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று கரி நிறத்தில் பலகைகளை எடுத்தேன்.

பிரேமிளாவின் அண்ணன் ரவி பண்டமாரானில் லோரி ஓட்டுகிறார். சனிக்கிழமை காலையில் அவரே பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நிச்சயம் மறுநாள். (ஆமாம், மறுநாள். திட்டம் போடுவதுதான் என் உத்தியோகம் என்று முன்பே சொன்னேன் அல்லவா.)

சட்டத்தை வைத்தோம். "முந்நூத்தம்பதுன்னு எழுதியிருக்கே, மில்லியா இஞ்சா?" என்று ரவி கேட்டார். இஞ்சாக இருந்தால் அடுத்த சட்டம் பக்கத்து வீட்டுக்குள் வரும் என்பதால் மில்லி என்று முடிவு செய்தோம். அன்றைக்கு நான் சரியாக எடுத்த ஒரே முடிவு அது.

அடுத்த வரியில் ரவி நின்றுவிட்டார்.

"ரெண்டு முனையிலயும் கேப் கண்டிப்பா. மாப்ளே, இது இடைவெளியா, தொப்பியா?"

நானும் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இதில் என்னை உதைப்பதா, க என்ற எழுத்தை உதைப்பதா? கடைக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். காசு கொடுத்துப் பலகை வாங்கி, அதில் ஓட்டை விடு என்று எந்தக் கடைக்காரியாவது சொல்வாளா? "தொப்பிதான் மச்சான்" என்றேன்.

பக்கத்து ஹார்டுவேர் கடையில் தேடினால், பலகையின் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது! என் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. எல்லா முனைகளுக்கும் தொப்பி மாட்டி, ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறு பக்கம் வேலிச் சுவர் என்று, ஓர் எறும்புகூட நுழைய முடியாதபடி தட்டித் தட்டி இறுக்கினோம்.

சாயங்காலம் மழை விட்டதும் பக்கவாட்டின் கிரில் கதவை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தோம். பலகையை உரசாமல் திறந்தது. கதவுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும்.

"ரொம்பக் கிட்ட இருக்கே மாப்ளே" என்றார் ரவி.

"திறக்குதில்ல? போதும் லா."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மேகமே இல்லை. கூடாரத்து வழியாக வந்தவர்களை நானே டெக் பக்கம் திருப்பிவிட்டேன். "செருப்பக் கீழயே விட்டுட்டு ஏறுங்க, புதுப் பலகை, கீறிடும்" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து வரவேற்க வேண்டும் என்று பின்பக்கமாக ஓடினேன்.

கிரில்லைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஊகூம். வெயிலில் நீண்ட பலகைகள், போக இடம் இல்லாமல், கதவுக்கு முன்னால் ஆமை முதுகு போலக் கிளம்பி நின்றன.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா நின்றார். பட்டறை வைத்திருப்பவர், சிரிப்பு என்பதே வராத முகம். திடீரென்று அவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். பக்கத்தில் அவர் மனைவியும் தூக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பக்கத்துச் சடங்கோ என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

"ஐயோ, சுடுதுடா!" என்று பின்னால் ஒரு குரல். அதற்குள் பழத்தட்டும் பூத்தட்டும் ஏந்திய முப்பது பேரும் மேலே ஏறியிருந்தார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னே தள்ளினார்கள், முன்னால் நிற்பவர்கள் கதவை இழுத்தார்கள். பெண் வீட்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று யாரும் இறங்கவும் இல்லை. கரி நிறப் பலகையில் மொத்தச் சம்பந்தி வீடும் குதித்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தோமா, தீ மிதிக்க வந்தோமா?" என்றார் ஓர் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா, எனக்குக் கேட்கும்படியே, "இது எனக்கு நல்ல சகுனமாத் தெரியல" என்றார்.

மூன்று வருடம் வரன் தேடி அலைந்த அம்மாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

அப்போது பக்கவாட்டில் ஒரு பச்சைப் பட்டுப்புடவை தெரிந்தது. அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய யோகேஸ்வரி, சமையலறைக் கதவு வழியாக வெளியே போய், கொசுவத்தை இடுப்பில் செருகி, தோட்டத்து ரப்பர் குழாயோடு நின்றாள். "ஆன்டி, பயப்படாதீங்க, காலக் காட்டுங்க" என்று முதலில் வருங்கால மாமியாரின் கால்களுக்குத் தண்ணீர் விட்டாள். பிறகு பலகைகளுக்கு. பிறகு, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு, அவர் கேட்காமலேயே.

"அப்பாடா" என்று மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடினார். வீடியோவில் பார்த்த அதே நிம்மதி. (இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது.)

மாப்பிள்ளையின் அப்பா ரவியிடம் திருப்புளி வாங்கி, பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, கதவடிப் பலகைகள் இரண்டை மளமளவென்று கழற்றினார். கிரில் திறந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, முனையில கேப் விடலியா?"

"விட்டிருக்கேன் அங்கிள். இதோ, எல்லாத்துக்கும்" என்று பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

அவர் தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தொப்பியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து இருபது வருடம் ஆகிறது என்று அவர் மனைவி பிறகு சொன்னார். "இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்குக் கண்டிப்பா வேணும். ஆபத்துன்னா ஓடி வருது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். தட்டு மாற்றினோம். எல்லாருடைய காலிலும் தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது சிமெண்ட் தரை. ஆனால் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் யோகேஸ்வரியின் மாமனார் என் தோளில் கை போட்டு, "என்னைத் தீ மிதிக்க வெச்சவரு இவருதான்" என்றுதான் அறிமுகம் செய்வார்.

போன மாதம் டெங்கிலில் ஒரு காதுகுத்து. அவர் அப்படிச் சொன்னதும், பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பயபக்தியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு நேத்திக்கடன் பாக்கி இருக்கு தம்பி. உங்களது எந்தக் கோயில்? எந்த மாசம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேமிளாதான் முந்திக்கொண்டாள்.

"கிள்ளான்ல எங்க வீட்லதான் அங்கிள். மாசம்லாம் பாக்கறதில்ல. மத்தியானமா வாங்க."