பின்சீட்டு முசே

காரை விற்பதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் இலாகா என்னிடம் இல்லாததால், யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு வயது ஜெர்மன் கார். பாரீஸ் மெட்ரோவில் இருபது வருஷம் நின்றுகொண்டே போனவன், ஊர் திரும்பியதும் உட்கார்ந்து போக ஆசைப்பட்டு வாங்கியது. பம்பரில் ஒரு கீறல். ஏசியில் ஒரு முனகல். இரண்டு சாவியில் ஒன்றை நான் தொலைத்துவிட்டேன். வேறு குறையில்லை. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவையே அது அடைத்துக்கொண்டு நிற்பதையும், பால்காரர் பக்கவாட்டில் நடந்து வருவதையும் என் மனைவி அஞ்சலாட்சி குறையாகச் சேர்ப்பாள்.

"வித்துட்டு ஸ்கூட்டி வாங்கலாங்க. கேட்ட தெறந்தா பம்பருதான் இடிக்குது."

"சரிம்மா."

வாங்க வந்தவர்களை ஜன்னலோரமாக அழைத்துக் காதில் ஓதினேன்.

"முந்தின ஓனர் ஒரு பெரிய முசே, பிரெஞ்சுக்கார தொர. போய்ச் சேர்ந்துட்டாரு. ஆனா மத்தியானம் கடையெல்லாம் சாத்தினதும் பின்சீட்ல வந்து உக்காருவாரு. சாம்பல் கலரு தொப்பி வச்சிருப்பாரு."

முதல் ஆள் டீயைப் பாதியில் விட்டுப் போனார். இரண்டாம் ஆள் செருப்பையே விட்டுப் போனார். அஞ்சலாட்சி ஜன்னலில் நின்று பார்த்தாள். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் ஒன்றரை. ஷட்டர்கள் இறங்கி, ஊர் கண்ணை மூடிக்கொள்ளும் நேரம். தெருவில் காக்கைகூட இல்லை. காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாவி என் சட்டைப்பையில்.

டக்.

பூட்டு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. நான்கு கண்ணாடிகளும் மெல்ல, சத்தமில்லாமல் இறங்கின. சூடான மூச்சு ஒன்று என் முகத்தில் பட்டது. பின்சீட்டில் ஒரு பள்ளம். யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

"அஞ்சலை, வண்டியில யாராச்சும் உக்காந்தாங்களா?"

"யாரு உக்காருவா? சாவிய நீங்கதான வச்சிருக்கீங்க?"

அடுத்த நாள், அதே நேரம், அதே டக். பள்ளத்தின் மேல் சாம்பல் நிறத் தொப்பி. நான் இட்டுக்கட்டிய தொப்பி! சொன்னவனைத் தேடிக்கொண்டு பொய்யே வந்து உட்கார்ந்திருந்தது. என் வாயில் பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

ஓடினேன்.

"வித்துடு. இன்னைக்கே!"

"அவசரப்படாதீங்க. ஆசையா வாங்கின வண்டி."

"வித்துடும்மா!"

காரை வாங்க உப்பளத்திலிருந்து ராஜாங்கம் என்பவர் பத்தே நிமிஷத்தில் வந்தார். அது எப்படி முடிந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

"கீறல், முனகல் எல்லாம் அம்மா போன வாரமே சொல்லிட்டாங்க சார்," என்றார்.

சாவியைக் கொடுத்தேன். அஞ்சலாட்சி இடுப்பிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கார் முனகிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

"அது... தொலைஞ்ச சாவியாச்சே?"

"தொலைச்சது நீங்க. எடுத்தது நானு. மாடியிலேருந்து அதுல பட்டன அமுக்கிப் புடிச்சா கண்ணாடியெல்லாம் எறங்குதுங்க. நல்ல வண்டி."

"பள்ளம்?"

"அரிசி மூட்ட."

"அந்த மூச்சு?"

"வெயில்ல நின்ன வண்டி பின்ன ஜில்லுனா ஊதும்?"

"தொப்பி?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, வண்டி போகுமுன் எடுத்து வைத்திருந்த அதை என்னிடம் நீட்டினாள்.

"பாரீஸ்லேருந்து நீங்க போட்டுக்கிட்டு வந்தது. பரண்ல கெடந்துச்சு. தன் தொப்பியே இவருக்கு அடையாளம் தெரியலையேன்னு நான்தாங்க பயந்துட்டேன்."

போட்டுப் பார்த்தேன். முசேவுக்குக் கச்சிதமாக இருந்தது.