லுக்ரேசியாவுக்கு ஒரு தடையில்லாச் சான்றிதழ்

ஷார்ஜா ரோலாவில் பதினெட்டு வருஷமாக அரசாங்க விண்ணப்பமும் கடிதமும் அடித்துக்கொடுக்கும் டைப்பிங் சென்டர் நடத்திவரும் முகம்மது யூசுப் ஆகிய நான், பொதுமக்கள் நன்மையை முன்னிட்டு அறிவித்துக்கொள்வது: உயிரோடு இருப்பவரைவிட இறந்துபோனவருக்குத்தான் பேப்பர் அதிகம் கேட்பார்கள்.

ஹாலிதா டீச்சர் எங்கள் காயல்பட்டினத்துக்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார். அவரும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து பழங்கால ஐரோப்பிய இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இத்தாலியில் லுக்ரேசியா என்றொரு அம்மாள் அருமையாக இசையமைத்தாராம். அத்தனையையும் புருஷன் அந்தோனியோ தன் பேரில் அச்சடித்துக்கொண்டானாம். அம்மாளின் கையெழுத்துப் பிரதி இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

"ஒரு தடவையாவது அந்த அம்மா பேரைச் சொல்லி வாசிச்சுரணும் காக்கா. அதுக்குத்தான் ரெண்டு வருஷமா உயிரைக் கொடுக்குறோம்," என்றார் டீச்சர். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

அல் கூஸ் பகுதியில் ஒரு பழைய கிடங்கைப் பேசி முடித்தாயிற்று. வியாழக்கிழமை கச்சேரி. அரசாங்க அனுமதி மட்டும்தான் பாக்கி.

அனுமதி மையத்தில் கவுண்டரில் இருந்தவர் சுரேஷ்குமார். ரொம்ப மரியாதையான பிள்ளை.

"இசையமைப்பாளர் பாஸ்போர்ட் காப்பி குடுங்க பாய்."

"அவங்க இறந்துட்டாங்க தம்பி."

"அடடா. எப்போ?"

"ஆயிரத்து அறுநூத்து எழுபத்தேழுல."

மெய்யாகவே வருத்தப்பட்டார். "அப்போ டெத் சர்டிபிகேட். அட்டெஸ்டேஷன் பண்ணி."

என் மனைவி ஷம்சாத் ஒரு கடிதம் அடித்தாள். பாஸ்போர்ட் என்ற வஸ்து புழக்கத்துக்கு வருமுன்பே அம்மையார் காலமாகிவிட்டபடியால் கனம் பொருந்திய தாங்கள் கருணை கூர்ந்து, என்று அரபியிலும் இங்கிலீஷிலும். படித்தால் கல்லும் கரையும். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அதுவும் லேசான வேலை இல்லை.

கடிதம் ஏற்கப்பட்டது. அடுத்த கேள்வி வந்தது.

"தொழில்?"

"இசையமைப்பாளர்னு போடுங்க."

"சம்பளச் சான்றிதழ் இருக்கா?"

"யாரு சம்பளம் குடுத்தா அவங்களுக்கு?"

"அப்போ இல்லத்தரசி." கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். "இல்லத்தரசின்னா விசாவுக்குப் பொறுப்பான ஸ்பான்சர் புருஷன்தான். அவர்கிட்ட தடையில்லாச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

"அட, அவன்தான்யா திருடனே!"

"அது குடும்பத் தகராறு பாய். அதுல நாங்க தலையிட முடியாது."

ஷம்சாத் மறுபடி உட்கார்ந்தாள். மேற்படி கணவர் முந்நூற்றைம்பது ஆண்டுகளாக எந்த ஆட்சேபமும் தெரிவிக்காத காரணத்தால் அன்னாருக்குச் சம்மதம் என்றே கருதும்படி வேண்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். சுரேஷ்குமார் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "இப்படி ஒரு லெட்டர் நான் பார்த்ததே இல்ல பாய்!"

புதன்கிழமை அனுமதி வந்தது. இசையமைப்பாளர்: திரு. அந்தோனியோ.

"என்னய்யா இது?"

"ஸ்பான்சர் பேர்தான் வரும். சிஸ்டம் அப்படி."

"லுக்ரேசியா எங்கே?"

"இருக்காங்களே, கீழே பாருங்க. உடன் வருவோர்: மனைவி, ஒன்று."

மாற்றவேண்டுமானால் புது விண்ணப்பம், முப்பது வேலைநாள். போஸ்டரும் மேடைப்பேச்சும் அனுமதியில் கண்டபடியே இருக்கவேண்டும், மீறினால் கச்சேரி கல்லாஸ், ரத்துதான். டீச்சர் என் கடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

இருந்தாலும் வாசித்தார்கள். அப்படி ஒரு வாசிப்பு! ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இந்த அந்தோனியோ மகா மேதைங்க," என்று பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை நான் வாய் மூடவில்லை. "பொண்டாட்டி உழைப்புல பேர் வாங்கின பய! வெட்கம் வேணாம்? மனுஷனா அவன்?"

ஷம்சாத் கச்சேரிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி அறிவிப்பு. 'உருக்கமான கடிதங்களை எழுதி அனுமதி பெற்றுத் தந்த ஜனாப் முகம்மது யூசுப் அவர்களுக்கு.' கொட்டை எழுத்தில்.

"பிரேம் போட்டுக் கடையில மாட்டணும்," என்றேன்.

"மாட்டுங்க. எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு ஒரு லெட்டர் அடிச்சுத் தாரேன்," என்றாள்.

சொன்னபடியே அடித்தும் தந்தாள். வழக்கம்போல் அருமையான கடிதம். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்பான்சர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாதே.