சிங்கம் பார்க்கப் போனவருக்கு என் ஊசி

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த மரியாதையாலேயே கெட்டவன் நான். தடுப்பூசி வரிசையில் முதல் ஆளாக நின்று, ஊசி போடாமலே வீடு திரும்பிய மனிதப்பிறவி அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா உகாண்டாவில் இருந்தாள். மச்சானுக்கு அங்கே போர்வெல் வண்டித் தொழில் (திருச்செங்கோட்டுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள், யாராவது ஒருவருடைய சொந்தக்காரர் ஆப்பிரிக்காவில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்). முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இது மூன்றாவது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எங்களுக்கு அம்மா இல்லை, அப்பாவால் படியேறவே முடியாது.

“நம்மூட்டு ஆளு ஒருத்தராச்சும் வாசல்ல நிக்கோணும் கண்ணு. எனக்குப் பயமா இருக்குது” என்று போனில் அழுதாள்.

“நான் வாரேன்க்கா” என்றேன்.

அந்த நாட்டுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று வேண்டும். கொசு பரப்புகிற காய்ச்சல். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். இந்த வாரமே போட்டுக்கொண்டால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய் இறங்கிவிடலாம். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஊசி, அன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான்.

ஊசி போடுகிற ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். நர்சம்மா வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஏனுங்க, இன்னைக்கு ஒரே பாட்டல்தானுங்க. தொறந்தா உடனே போட்டு முடிச்சரோணும். மருந்து வர்ற வரைக்கும் போடுவேன், அதுக்கு மேல இல்லீங்க.”

நானும்தான் தலையாட்டினேன். காது கேட்டது, மண்டையில் ஏறவில்லை.

ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, எனக்குச் சுகருங்க. ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க.”

“அதுக்கென்னங்க, முன்னால போங்க.”

அவர் பின்னாலேயே அவர் சம்சாரமும் போனார் (புருஷனை அனுப்பிவிட்டு அம்மணியை நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?). அடுத்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்யப் போகிற கன்னியாஸ்திரிகள். ஆண்டவன் காரியத்துக்குக் குறுக்கே நிற்கலாமா? பிறகு ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர், கூடவே அவருடைய பங்காளிகள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். “பரவாயில்லீங்க, போங்க.” ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன மனுஷன்டா நீ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கருமம்.

கடைசியாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் என் பின்னால் நின்றார். அவருக்குச் சுகரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வாட்ச்சைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, அவசரமுங்களா? வேணும்னா முன்னால போயிருங்க.”

“இல்லீங்க, நீங்கதான மொதல்ல...”

“அட, பரவாயில்லீங்க!” அவர் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பிவைத்தேன். போகிற போக்கில், எந்த ஊருக்கு என்றும் ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

“சிங்கம் பாக்கறதுக்குங்க. பேமிலி டூர்” என்றார்.

நர்சம்மா எட்டிப் பார்த்தார். “தீந்துபோச்சுங்க. அடுத்த வாரம் வாங்க.”

“பரவாயில்லீங்க” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

வண்டிச் சாவியைப் போடும்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன். அக்கா கதையை மூச்சுவிடாமல் சொல்லிக் கும்பிட்டேன். நர்சம்மா காலி பாட்டிலை எடுத்துக் காட்டினார். “இதை மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, உங்களைத்தானுங்க முன்னால கூப்ட்டிருப்பேன்.”

அக்காவுக்குப் போன் போட்டு, ஊசி தீர்ந்துபோய்விட்டது என்றேன்.

“கூட்டம் ஜாஸ்தியா கண்ணு?”

“அப்படி ஒண்ணும் இல்லக்கா.”

“லேட்டாப் போனயா?”

“மொத ஆளா நின்னேன்க்கா.”

“சரி, சாப்ட்டயா?” என்று கேட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஆபரேஷன் அன்று நான் காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். பெண் குழந்தை, நல்லாயிருக்குது என்றார் மச்சான். உடனே, “அவளுக்கு ரத்தம் நிக்கலைங்க மாப்ள” என்றார். ரத்தம் கொடுக்க ஆள் தேடி அவர் கீழே ஓடிவிட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எங்கள் ஆள் என்று யாருமே இல்லை. எனக்கு அந்த வாரம்தான் ஊசி போட்டிருந்தது, பத்து நாள் ஆகவில்லை. போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட இல்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஒருவழியாக நான் போய்ச் சேர்ந்தபோது வற்றலாகக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு ஏரோப்ளேனில் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் போய் நின்றதோடு சரி. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணியில் சுற்றிய குழந்தையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“கெட்டியாப் புடி. ஆராச்சும் கேட்டாங்கன்னு, பரவாயில்லீங்கன்னு குடுத்துப்போடாத.”

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு வரும்போதெல்லாம், கடைவீதியில் அவளை என்னிடம் ஒப்படைக்கிற ஒவ்வொரு முறையும் அக்கா இதையேதான் சொல்வாள். வீடே சிரிக்கும். சொல்லும்போது அக்கா மட்டும் சிரிப்பதில்லை.